டிஜிட்டல் கிஃப்ட் சரி, நம்பர் எதுக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

விளம்பரத்துக்குன்னு கம்பெனிங்க அள்ளி விடுற பேனா, கீசெயின், பை, பவர் பேங்க் எல்லாத்தையும் நிறுத்திட்டு டிஜிட்டலா ஏதாவது கொடுக்கலாமேன்னு இப்ப ஒரு பேச்சு ஓடுது. நானும் அந்தக் கட்சிதான், ஆனா ஒரு கண்டிஷன் இருக்கு.

முதல்ல இந்த துணிப்பை சமாச்சாரம். துணிப்பைல லோகோ அடிச்சுக் கொடுத்துட்டா பூமியையே காப்பாத்திட்ட மாதிரி போட்டோ வேற போடுறாங்க. டென்மார்க் சுற்றுச்சூழல் துறை 2018ல வெளியிட்ட ஆய்வுப்படி, பிளாஸ்டிக் கேரி பேக்கோட ஒப்பிட்டா ஒரு காட்டன் பையை பருவநிலை பாதிப்புக்கு மட்டும் 52 தடவையாவது பயன்படுத்தணும், மத்த பாதிப்பெல்லாம் சேர்த்துப் பாத்தா 7,100 தடவை. ஏற்கெனவே கதவுக்குப் பின்னாடி ஆணியில ஒரு கத்தை பை தொங்குது, இதுல எதை எடுத்துட்டுப் போய் 7,100 தடவை சாமான் வாங்குறது? போதாக்குறைக்கு நிறைய பை துணியே கிடையாது, துணி மாதிரி தெரியுற பாலிப்ரோப்பிலீன்ங்கிற பிளாஸ்டிக், வெயில்ல கெடந்தா தொட்டதும் பொடிப்பொடியா உதிரும். பவர் பேங்க், பென்டிரைவ் கதையும் இதேதான், 2022ல மட்டும் உலகத்துல 6.2 கோடி டன் மின்கழிவு, முறையா மறுசுழற்சிக்குப் போனதா கணக்குல வந்தது அதுல கால்வாசி கூட இல்லன்னு ஐ.நா. அறிக்கையே சொல்லுது.

அதனால மின்புத்தகம், ஆன்லைன் கோர்ஸ், சந்தா, கிஃப்ட் வவுச்சர்னு போறது நல்ல விஷயம்தான். ஆனா நடக்குறது என்னன்னா லிங்க்கைத் தொட்டா மொபைல் நம்பர் கேக்குது, அப்புறம் ஓடிபி, அப்புறம் பிறந்த தேதி, அதுக்கப்புறம் ஆப் இன்ஸ்டால் பண்ணுன்னு நிக்குது, இவ்ளோ தாண்டி உள்ள போனா ஒரு மாச சந்தா இலவசம் ஆனா கார்டு நம்பர் குடு, மறந்தா அடுத்த மாசம் தானா காசு போயிடும். இதுக்கு அந்த ஓட்டை பேனாவே தேவலாம், அது ராத்திரி போன் பண்ணி லோன் வேணுமான்னு கேக்காது.

கொடுக்குறவங்க நம்பர் கேக்காம நேரா டவுன்லோடு ஆகுற ஃபைலா கொடுங்க, வவுச்சர்னா காலாவதி தேதி இல்லாம, வேற யாருக்காவது அனுப்புற மாதிரி கொடுங்க, வேணாம்னு சொல்றதுக்கும் ஒரு பட்டன் வைங்க. அப்புறம் ஒண்ணு, அந்த க்யூஆர் கோடை பளபளன்னு பிளாஸ்டிக் கார்டுல அடிச்சு, வெல்வெட் டப்பாவுல வெச்சு கொடுக்குறதையும் பாத்தாச்சு. மெயில்லயே அனுப்பிடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்