கடல் கடந்த பிள்ளைகளுக்கு ஊர்ச் சாமான்கள்: நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்களுக்காக இங்கே மொட்டைமாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம். மதுரை தெப்பக்குளம் வட்டாரத்தில் இயங்கிவரும் நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுச் செயல்பாடுகளைப் பொதுக்குழுவின் முன் பணிவுடன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். மாதக் கூட்டங்கள் தவறாமல் நடைபெற்றன. தீர்மானங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. இவ்வாண்டு நம் கூட்டங்களின் பெரும்பொழுதை எடுத்துக்கொண்டது பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து போகவேண்டிய சாப்பாட்டுச் சாமான்கள் பற்றிய பேச்சு என்பதால், இந்த அறிக்கையும் அதைப் பற்றியே அமைகிறது.

ஆண்டின் தொடக்கத்தில், அவரவர் பிள்ளைகளிடம் எந்தச் சாமான் கிடைக்காமல் மனம் ஏங்குகிறது என்று கேட்டுவருமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டோம். வந்த பதில்கள் எங்களை யோசிக்க வைத்தன. துவரம்பருப்பு, உளுந்து, பெருங்காயம், புளி ஆகிய எவையும் பட்டியலில் இல்லை. அவை இன்று உலகின் பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. இதற்கு நாம் ஈழத் தமிழர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பாரிஸில் லா ஷாப்பெல், லண்டனில் ஈஸ்ட்ஹாம், டொராண்டோவில் ஸ்கார்பரோ என்று அவர்கள் கடை விரித்த இடங்களில்தான் நம் பிள்ளைகளுக்கு முருங்கைக்காயும் கருப்பட்டியும் கைக்கெட்டுகின்றன. சிங்கப்பூரில் இருப்பவர்கள் இன்னும் கொடுத்து வைத்தவர்கள்; தேக்கா சந்தையில் கறிவேப்பிலையைப் பச்சையாகவே வாங்கிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் கேட்டவை எவை? வீட்டில் அரைத்த குழம்புமிளகாய்த்தூள், சுண்டவத்தல், மோர்மிளகாய், கூழ்வத்தல், வில்லாபுரத்து அப்பளம், செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், பாட்டி கையால் போட்ட நார்த்தங்காய் ஊறுகாய். அதாவது, கடையில் கிடைக்காத பொருளைக் காட்டிலும், கடையில் கிடைத்தாலும் வீட்டு ருசி வராத பொருளுக்காகவே பிள்ளைகள் ஏங்குகிறார்கள் என்பது தெரிந்தது. சிங்கப்பூரிலிருந்து வந்த பதில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. அந்தப் பிள்ளை கேட்டது, பருத்திக்கொட்டையில் காய்ச்சும் நம் ஊர்ப் பானமான பருத்திப்பால்.

பங்குனியில் மிளகாய்த்தூளில் தொடங்கினோம். கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் ஆகியவற்றைச் சேர்ந்து வாங்கினோம். மிளகாய் வத்தலுக்கு, 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு வத்தலே வேண்டும் என்று மூத்த உறுப்பினர்கள் உறுதியாகச் சொன்னார்கள். நீள வத்தல் நிறம் கொடுக்கும், முண்டு வத்தல்தான் குழம்புக்கு மணமும் உறைப்பும் கொடுக்கும் என்பது அவர்கள் கணக்கு. நானும் அதையே வழிமொழிகிறேன். மாடியில் இரண்டு நாள் நல்ல வெயில் காட்டி, மல்லியை மட்டும் லேசாக வறுத்து, மாவுமில்லுக்குக் கொண்டுபோனோம். நமக்கு முன் கோதுமை அரைத்திருந்ததால், முதலில் விழுந்த இரண்டு கைப்பிடித் தூளைத் தனியே ஒதுக்கிவிட்டோம். மெஷினிலிருந்து வரும் தூள் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதை அப்படியே பையில் அடைத்து அனுப்பியவர்களின் தூள்தான் முன்பெல்லாம் வியர்த்துக் கட்டிபிடித்து, போய்ச் சேர்வதற்குள் பூசணம் பூத்தது என்பதை இம்முறை எல்லோருக்கும் நேரில் காட்டினோம். வெள்ளைத் துணியில் பரப்பி, கைபொறுக்கும் சூடும் அடங்கி முழுதாக ஆறியபின், இரண்டு உறைகள் போட்டு ஒட்டிய தூள் எங்கும் கெடவில்லை.

சித்திரை வெயிலில் வத்தல் போட்ட நாட்கள்தாம் இந்த ஆண்டின் நிறைவான நாட்கள் என்று நான் கருதுகிறேன். விடியற்காலையில் கூழ் காய்ச்சி, ஏழு மணிக்குள் பழைய வேட்டிகளை மாடியில் விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, கரண்டியால் ஊற்றத் தொடங்கினோம். கூழில் உப்பு சற்றுக் குறைவாகத் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும்; காய்ந்து சுருங்கும்போது உப்பு கூடிவிடும். எலுமிச்சம்பழச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கியபின்தான் விட வேண்டும். மாலையில் வேட்டியைத் திருப்பிப் பின்புறம் தண்ணீர் தெளித்தால் வத்தல் கிழியாமல் உரிந்து வரும். எண்பது வயதைக் கடந்த உறுப்பினர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்தபடியே, "அது ஈரம், இன்னொரு வெயில் கேக்கும்" என்று சத்தத்தை வைத்தே சொன்னார். காய்ந்த வத்தலை இரு கையிலும் அள்ளிப் போட்டால் சலசலவென்று கேட்க வேண்டுமாம். அவருடைய தகப்பனார் பினாங்கில் கணக்கெழுதப் போனவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறுகிறவர்களிடம் தகரடின்னில் அடைத்துக் கொடுத்தனுப்பும் சுண்டவத்தலை, தம் தாயார் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் தேர்ந்தெடுப்பார் என்று அவர் சொன்னபோது, மாடியில் இருந்த எல்லோரும் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

அடுத்து, எந்த நாட்டுக்கு எதைக் கொண்டுபோகலாம் என்பது பற்றி ஆனியில் நடத்திய விளக்கக் கூட்டம். விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் திரும்பும் காலத்தை ஒட்டி இதை வைத்துக்கொண்டோம். நம்மில் பலர் பாசத்தால் செய்கிற காரியம் பிள்ளைகளை விமான நிலையத்தில் குற்றவாளியைப் போல நிற்க வைத்துவிடக்கூடும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே பதிவு செய்கிறேன். முதலாவது கசகசா. நம் ஊர்ச் சால்னாவுக்கும் குருமாவுக்கும் அரைத்துவிடும் இந்தப் பொருள், அபினிச் செடியின் விதை என்பதால், ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளில் தடை செய்யப்பட்டது. அரைத்துக் கலந்த மசாலாவாக இருந்தாலும் அனுப்பக் கூடாது. துபாயில் வேலை பார்க்கும் என் மகனுக்கு என் மனைவி இப்போது முந்திரியும் பொட்டுக்கடலையும் அரைத்துவிடும் முறையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். குழம்பின் பதம் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

இரண்டாவது கறிவேப்பிலை. அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோகக் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் ஒரு நோயைப் பரப்புகிற சிறு பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் தங்கி வாழும். 2005இல் அந்த நோய் புளோரிடாவில் காணப்பட்டபின் அங்கே பழத்தோட்டங்கள் பெரும் அழிவைக் கண்டன. ஒரு கொத்து இலையால் என்ன ஆகிவிடும் என்று நாம் நினைப்பதை ஒரு விவசாயியின் இடத்தில் நின்று யோசித்தால் அவர்களுடைய கண்டிப்பு புரியும். அரிசியையும் அமெரிக்காவுக்குப் பயணப் பெட்டியில் எடுத்துப்போக முடியாது. தானியங்களைத் துளைக்கும் காப்ரா வண்டுக்கு அஞ்சி அதைத் தடுத்திருக்கிறார்கள். 2023 ஜூலை 20 அன்று நம் அரசு பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது, அங்குள்ள கடைகளில் நம்மவர்கள் மூட்டை மூட்டையாக அள்ளிச் சென்றதையும், இங்கிருந்து அரிசி கொண்டுவரச் சொல்லிப் பிள்ளைகள் கேட்டதையும் உறுப்பினர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தடை 2024 செப்டம்பரில் நீங்கிவிட்டது.

மூன்றாவது பால் பொருட்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை லண்டனுக்கு வாங்கிக்கொடுக்காதவர் நம்மில் குறைவு. ஆனால் இந்தியாவிலிருந்து பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருட்களைப் பயணிகள் கொண்டுவர பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அனுமதி இல்லை. நான்காவதாக, கொப்பரைத் தேங்காய். எண்ணெய் மிகுந்த அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது என்பதால், 2022 முதல் விமானத்தில் ஏற்றும் பெட்டிகளில் அதற்கு இடமில்லை. ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை, எந்த உணவாக இருந்தாலும் இறங்கும்போது கொடுக்கும் அட்டையில் உண்மையாக எழுதிவிட வேண்டும். எழுதியபின் அவர்கள் எடுத்துக்கொண்டால் போவது பொருள் மட்டுமே, மறைத்தால் அபராதம். இவ்வாண்டு மெல்போர்ன் விமான நிலையத்தில், கொண்டுசென்ற 15 செ.மீ. நீள மல்லிகைச் சரத்துக்காக மலையாளத் திரைநடிகை ஒருவர் 1,980 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டதாகத் தாமே மேடையில் சொன்னார். மல்லிகைக்குப் பேர்போன ஊர்க்காரர்களாகிய நாம் மகளை வழியனுப்பும்போது பூ வைத்து அனுப்புவது வழக்கம். விமானம் இறங்குமுன் அதை எடுத்துவிடுமாறு சொல்லி வைப்பதும் நம் கடமை.

இந்த ஆண்டின் பெரிய சோதனை ஆவணியில் வந்தது. 800 டாலர் வரையிலான பொட்டலங்களுக்கு இருந்துவந்த சுங்க விலக்கை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நீக்கியது. வரியை யார் வசூலிப்பது, எப்படிக் கட்டுவது என்ற தெளிவு கிடைக்காததால் விமான நிறுவனங்கள் அஞ்சல் பைகளை ஏற்கத் தயங்கின. நம் அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்காவுக்கான பொட்டலங்களை நிறுத்தி வைத்தது. 100 டாலர் வரையிலான அன்பளிப்புகளுக்கு முதலில் இருந்த வழியும் அந்த மாத இறுதியில் அடைபட்டது. சேவை மீண்டும் தொடங்கியது அக்டோபர் 15 அன்று. தீபாவளி அக்டோபர் 20. நடுவில் இருந்த ஐந்து நாட்களில் எந்தப் பொட்டலமும் கடல் தாண்டிப் போய்ச் சேராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

என் வீட்டிலும் இந்த வேதனை நடந்தது. மிச்சிகனில் இருக்கும் மகளுக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு, அஞ்சல் இல்லாததால் நகரிலுள்ள ஒரு தனியார் கூரியர் நிறுவனத்தில் கேட்ட பணத்தைக் கொடுத்து அனுப்பினோம். ஒரு வாரத்தில் சேர்ந்துவிடும் என்றார்கள். வாரங்கள் கடந்தன, கேட்டபோதெல்லாம் இன்னொரு காகிதம் வேண்டும் என்றார்கள். கார்த்திகையில் பெட்டி எங்கள் வாசலுக்கே திரும்பி வந்தது. பிரித்தவுடன் காறல் வாடை அடித்தது. அதிரசத்தின் மேல் வெண்மையாகப் பூசணம் படர்ந்திருந்தது. அடியில் வைத்திருந்த, என் மனைவி தன் கையால் எழுதிய தீபாவளி வாழ்த்துத் தாளில் எண்ணெய் ஊறி எழுத்து கலங்கிப்போயிருந்தது. அவர் எதுவும் பேசாமல் அந்தத் தாளை மட்டும் துடைத்து எடுத்து வைத்துக்கொண்டார்.

இதிலிருந்து கற்றதை உறுப்பினர்களுக்குத் தெரிவிக்கிறேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாக விதிப்படி, உணவுப் பொட்டலம் வருமுன் அதைப் பற்றி முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஆனால் ஒருவர் தம் வீட்டில் தாமே செய்து, தாமே இன்னொருவருக்கு அன்பளிப்பாக அனுப்பும் உணவுக்கு அந்த முன்னறிவிப்பு தேவையில்லை. கடையில் வாங்கியதையும் வீட்டில் செய்ததையும் ஒரே பெட்டியில் கலக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொருள்வாரியாக எழுதி, வீட்டில் தயாரித்த அன்பளிப்பு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். 'ஸ்நாக்ஸ்' என்று ஒற்றைச் சொல்லில் முடிக்க வேண்டாம்.

பொட்டலம் போகாத அந்த ஏழு வாரங்களில்தான், பொருளை அனுப்ப முடியாவிட்டால் பக்குவத்தையாவது அனுப்பலாமே என்ற யோசனையைப் பெண் உறுப்பினர்கள் முன்வைத்தார்கள். ஞாயிறு மாலைகளில் வீடியோ அழைப்பில் பிள்ளைகளைச் சேர்த்து, இங்கே அடுப்பருகே நின்றபடி சொல்லிக்கொடுத்தோம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து நாம் செய்த வேலைகளிலேயே இதுதான் உருப்படியானது என்று நான் மனதார நம்புகிறேன். குளிர்நாட்டில் இட்லி மாவு புளிக்காத குறையைப் பலரும் சொன்னார்கள். 'ஓவன்' அடுப்பை மூட்டாமல், அதனுள் இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை இரவு முழுவதும் உள்ளே வைத்தால் பொங்கிவிடுகிறது என்று செய்து பார்த்துச் சொன்னவர்கள் பிள்ளைகள். அதை நாம் கற்றுக்கொண்டோம். இட்லிப்பொடிக்கு எண்ணெய் கசக்கிறது என்று ஒரு பையன் சொல்ல, பாட்டிலைக் காட்டச் சொன்னோம். அது எள்ளைக் கருக வறுத்துப் பிழிந்த சீன எண்ணெய். நம் செக்கில் எள்ளை வறுக்காமல் கருப்பட்டி சேர்த்து ஆட்டுகிறார்கள் என்று சொன்னபோது, இரண்டு வருடமாக அதைத்தான் ஊற்றிச் சாப்பிட்டதாக அவன் வருத்தத்தோடு சொன்னான்.

பருத்திப்பால் கேட்ட பிள்ளைக்கு நம்மால் வழி சொல்ல முடியவில்லை என்பதை ஒளிக்காமல் பதிவு செய்கிறேன். பருத்திக்கொட்டையை இரவு ஊறவைத்து, காலையில் அரைத்துப் பாலெடுத்து, பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சி, தேங்காய்த் துருவல் தூவித் தரும் அந்தப் பானத்தைப் பொட்டலம் கட்ட முடியாது. விதையை அனுப்பப் பயிர்ப் பாதுகாப்பு விதிகள் குறுக்கே நிற்கின்றன. அந்தப் பிள்ளை மார்கழி விடுமுறைக்கு வந்தபோது, விமான நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகுமுன்பே தள்ளுவண்டியில் நிறுத்தி இரண்டு டம்ளர் குடித்ததாக அவனுடைய தாயார் கூட்டத்தில் தெரிவித்தார்.

வரும் ஆண்டுக்கான பணிகள்: நார்த்தங்காய், மிதுக்கு, மணத்தக்காளி ஆகியவற்றின் பக்குவத்தை மூத்த உறுப்பினர்கள் சொல்லச் சொல்ல அளவுகளோடு எழுதி வைப்பது. "கண் அளவு", "கை அளவு" என்று அவர்கள் சொல்வதைப் படி, ஆழாக்குக் கணக்கில் அளந்து எழுத இரு உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாடுகளின் விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், பயணத்துக்கு முன் அந்தந்த நாட்டுச் சுங்கத் துறையின் அறிவிப்பைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பைத் துணைச் செயலாளர் ஏற்றுள்ளார்.

மாடியைத் தந்த உறுப்பினருக்கும், மாவுமில்லில் நமக்காக வரிசையை ஒதுக்கித் தந்தவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வீடியோ அழைப்புகளில் அமர்ந்த பிள்ளைகளுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. கூழ்வத்தல் வேலை சித்திரை இரண்டாம் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டி ஒன்றை ஒவ்வொருவரும் துவைத்துக் கொண்டுவர வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்