அக்காவுக்கும் ஒரு லீவு வேண்டும்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எடவப்பாதி மழை விடாமல் பெய்கிறது, ரப்பர் பால்வெட்டு நின்றுபோய்க் கிடக்கிறது. பிள்ளைகள் சுகம். மற்ற ஊர்க்கதை அப்புறம். நீ உன் அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் உன் அக்காவைப் பற்றியும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்குப் பரவாயில்லை. வலது கை இன்னும் வசப்படவில்லை, ஆனால் பேச்சு தெளிந்திருக்கிறது. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. கை கால் பயிற்சி கொடுக்கவும் ஆள் வருகிறார். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியபோது, வீடு வீடாக யார் வரப்போகிறார்கள் என்று ஊரில் பேசினார்கள். வருகிறார்கள். மாத்திரைக்காக அம்மாவை ஆட்டோவில் தூக்கி வைத்து ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் வரைக்கும் கொண்டுபோகும் பாடு இல்லை.

ஆனால் மக்கா, அக்கா தூங்குவதே இல்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரிக்கும் அதே கணக்குதான். முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகால் மெத்தையில் படாமல் ஒரு துணிச்சுருள். அன்றைக்கு நான் போயிருந்தபோது இதையெல்லாம் செய்து முடித்துவிட்டு, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் அக்காவால் இடுப்பை நிமிர்த்த முடிந்தது. அப்புறம் கஞ்சி. சாய்த்து உட்கார வைத்து, ஒரு கரண்டி உள்ளே இறங்கிய பிறகுதான் அடுத்தது, இல்லாவிட்டால் புரையேறிவிடும். அம்மாவின் முதுகில் ஒரு சிவப்புத் திட்டுகூடக் கிடையாது. அந்த முதுகைப் பார்த்தால் அக்கா எத்தனை ராத்திரி விழித்திருக்கிறாள் என்று தெரியும்.

மாத்திரை கொண்டுவந்த பெண்ணிடம், "இவங்களுக்கும் ஒரு தடவை பிரஷர் பாருங்க" என்றேன். 160க்கு 100. அக்காவுக்கு அதுவரை யாரும் பார்க்கவே இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் அம்மாவை விசாரித்துவிட்டு, அக்கா போட்டுக் கொடுக்கும் சாயாவைக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இப்போது சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரி போய் அம்மாவோடு இருக்கிறாள். முதல் வாரம் அக்கா கடைக்குப் போவாள், கோயிலுக்குப் போவாள் என்று நினைத்தோம். எங்கள் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

நம் எல்லைக்கு அந்தப் பக்கம் இதை ஊரே சேர்ந்து செய்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபாலும் கூட்டாளிகளும் தீராத நோயில் கிடப்பவர்களுக்கான வலி தணிப்புச் சேவையைத் தொடங்கினார்கள். அப்புறம் அக்கம்பக்கத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, நர்சோடு வீடுகளுக்கு அனுப்பினார்கள். 2008-இல் கேரள அரசே அதற்கென்று ஒரு கொள்கை வகுத்தது. வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் பஸ் ஏறும் நம்மவர்களுக்கு இதுவும் கண்ணில் பட வேண்டாமா? ஒவ்வொரு தெருவிலும் நோயாளியைப் புரட்டவும் கஞ்சி கொடுக்கவும் தெரிந்த நாலு பேர் இருந்தால் போதும், அக்கா மாதிரி ஆட்களுக்கு வாரத்தில் ஒரு பகல் மிச்சமாகும். பங்குச் சாமியாரிடமும் ஊர்த் தலைவரிடமும் பேசியிருக்கிறேன். பயிற்சி கொடுக்க நர்ஸ் வந்தால் இடம் தருகிறோம் என்கிறார்கள்.

தமிழ்நாட்டிலும் 2025 பட்ஜெட்டில் அன்புச்சோலை என்று 25 பகல்நேர மையங்களை அறிவித்தார்கள். நடமாடும் முதியவர்களுக்கு நல்ல காரியம். படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு ஆள்தான் வீடு தேடி வர வேண்டும்.

சரி, உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். மாசாமாசம் நீ பணம் அனுப்புகிறாய், அக்கா அதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அதோடு ராத்திரிக்கு மட்டும் ஒரு ஹோம் நர்ஸ் வைக்கிற செலவை நீயும் தம்பியும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். முதியோருக்கான 14567 உதவி எண்ணைக் காலண்டரில் எழுதி மாட்டியிருக்கிறேன், காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். அப்புறம், இந்த லீவுக்கு நீ தனியாக வந்து இரண்டு வாரம் அம்மாவோடு இரு. முதல் இரண்டு நாள் அக்கா உனக்குக் கற்றுத் தரட்டும். மீதி நாளுக்கு அவளை மகள் வீட்டுக்கு அனுப்பிவைப்போம். ராத்திரி முறையை நானும் நீயும் பிரித்துக்கொள்ளலாம்.

டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல். மகளிடம் நான் பேசிவைக்கிறேன்.

அன்புடன்,
உன் கூட்டுக்காரன்