அரசுத் தளம் எது?

ஐயா,

பாஸ்போர்ட் புதுப்பிக்க அம்மா இணையத்தில் தேடினார். மேலே வந்ததெல்லாம் விளம்பரங்கள். அதில் ஒன்று அரசுத் தளம் போலவே இருந்தது. 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். அவரிடம் இரட்டிப்பாக வாங்கிவிட்டார்கள். விண்ணப்பமும் போய்ச் சேரவில்லை. பணம் போனதைவிட, ஏமாந்துவிட்டோமே என்று அவர் குறுகிப்போனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சேவைகளை ஆன்லைனுக்கு மாற்றிய அரசு, தன் தளத்தின் முகவரி ‘ஜிஓவி.இன்’ என்று முடியும் என்பதையாவது தபால் நிலையத்திலும் ரேஷன் கடையிலும் எழுதி வைக்கட்டும். அரசுச் சேவையைத் தேடினால் அரசுத் தளமே முதலில் வர வேண்டும். தேடுபொறிகள் அங்கே விளம்பரம் வாங்கக் கூடாது.

அப்புறம், 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமான், கதை முடிந்ததும் பிள்ளைகளுக்கு நல்ல பழக்கங்கள் சொல்லித் தருவார். இப்போதைய சூப்பர்ஹீரோ தொடர்களும் அரசுத் தளத்தை அடையாளம் காணச் சொல்லித் தர ஒரு நிமிடம் ஒதுக்கினால், பேரப்பிள்ளைகளே பாட்டிக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்