டேப்லெட் பெட்டியில் அச்சிடப்படாத இரண்டு வரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 15,000 ரூபாய்க்குள் கிடைக்கும் டேப்லெட்டுகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கேமராவுக்கும் ஒலிபெருக்கிக்கும் தாராளமாக இடம் ஒதுக்கிய அக்கட்டுரை, சிம் கார்டு போடும் வசதி எந்தெந்தக் கருவியில் உண்டு என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீட்டுக்கு வீடு வைஃபை வந்துவிட்ட நகரத் தெருக்களில் இது சிறிய விடுபடலாகத் தோன்றலாம். சேர்வராயன் மலையில் குடியிருப்பவர்களுக்கோ, ஒரு டேப்லெட் வாங்கத் தக்கதா இல்லையா என்பதே அதைப் பொறுத்துத்தான் அமைகிறது.

ஏற்காட்டுக் கடைவீதியைத் தாண்டி நாகலூர், வெள்ளக்கடைப் பக்கம் போனால், பல வீடுகளில் இணையம் என்பது கைபேசி வழியே வருவது மட்டுமே. அத்தகைய வீட்டில் வைஃபை மட்டும் கொண்ட டேப்லெட்டை வாங்கி வைத்தால், பெற்றோரின் கைபேசியிலிருந்து ஹாட்ஸ்பாட் (கைபேசியின் இணையத்தை வைஃபையாகப் பகிரும் வசதி) கொடுத்துத்தான் பிள்ளைகள் பாடக் காணொளி பார்க்க முடியும். தந்தை காலையில் காப்பித் தோட்டத்துக்கோ, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கோ கிளம்பும்போது அந்தக் கைபேசியும் கூடவே போய்விடுகிறது. அவர் திரும்பும் வரை டேப்லெட்டில் ஏற்கெனவே இறக்கி வைத்தவை மட்டுமே மிச்சம். சிக்னல் எட்டும் ஜன்னலோரம் கைபேசியை வைத்துவிட்டு, டேப்லெட்டை உள்ளறையில் வைத்துப் படிக்கலாம் என்ற ஒரு நன்மை ஹாட்ஸ்பாட்டில் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் கைபேசி வீட்டில் இருந்தாக வேண்டும்.

குறைந்த விலை டேப்லெட்டின் உண்மையான சமரசம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 2024இல் இந்தியாவுக்கு வந்த ரெட்மி பேட் எஸ்இ, 1920×1200 புள்ளிகள் கொண்ட 11 அங்குலத் திரையும் 8,000 எம்ஏஎச் (மின்சேமிப்புத் திறனின் அளவு) பேட்டரியும் உடையது. அதில் சிம் கிடையாது. அதே நிறுவனம் அதே ஆண்டு கொண்டுவந்த 4ஜி மாதிரியில் சிம் உண்டு. ஆனால் திரை 8.7 அங்குலமாகவும் 1340×800 புள்ளிகளாகவும் சுருங்கிவிடுகிறது. பெரிய திரையும் சிம்மும் ஒருசேர வேண்டுமானால் பெரும்பாலும் அடுத்த விலைப்படிக்கு ஏற வேண்டியிருக்கிறது. வைஃபை மட்டும் உள்ள கருவிகள் பலவற்றில் ஜிபிஎஸ் இருப்பதில்லை என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். அது படிப்புக்குத் தடையன்று என்பதால் அதைப் பெரிதுபடுத்த விரும்பவில்லை.

பெரிய திரையின் அருமையைக் குறைத்துப் பேசவும் நான் வரவில்லை. நமது பாடநூல்களின் பிடிஎஃப் பக்கத்தைக் கைபேசியில் திறந்தால், ஒவ்வொரு வரியையும் பெரிதாக்கி இடமும் வலமுமாக இழுத்துப் படிக்க வேண்டும். 11 அங்குலத் திரையில் பக்கம் முழுவதும் படத்தோடும் அட்டவணையோடும் ஒரே பார்வையில் அடங்குகிறது. ஆனால் திரையின் அளவு வேறு, தெளிவு வேறு. 1280×800 புள்ளிகள் கொண்ட 10.1 அங்குலத் திரையில் அங்குலத்துக்குச் சுமார் 149 புள்ளிகளே வருகின்றன. மேலே சொன்ன 8.7 அங்குலத் திரையில் 179, 11 அங்குலத் திரையில் 206. எழுத்தின் தலையிலுள்ள புள்ளியும் கொம்பும் சுழியும் மங்கினால் தமிழில் வாசிப்பு தடுமாறும். ஆகவே மலிவாகக் கிடைக்கிறதே என்று 10.1 அங்குலத்தைத் தேர்ந்தெடுப்பவர், 8.7 அங்குலத்தை விடக் கரடுமுரடான எழுத்தைப் படிக்க நேரலாம்.

பேட்டரியின் நீடிப்பை மலைவாசிகள் மனமாரப் பாராட்டலாம். மழைக்காலத்தில் மரக்கிளை விழுந்து மின்சாரம் நின்றுபோகும் நாட்களில் 8,000 எம்ஏஎச் பேட்டரி பெரிய துணை. அதனுடன் தரப்படும் 10 வாட் சார்ஜரோ, காலியான பேட்டரியை நிரப்ப மூன்று மணி நேரத்துக்கும் மேலாக எடுத்துக்கொள்ளும் என்பதால், மின்சாரம் வந்து வந்து போகும் நாளில் அந்தத் துணை பாதியளவே கிட்டும். கேமராவின் தரக்குறைவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பவர் யார்? கருவி இயங்கும்போது பயன்படுத்தும் தற்காலிக நினைவகமான ரேம் 4 ஜிபி என்று போட்டு, அதன் பக்கத்தில் ‘கூடுதலாக 4 ஜிபி’ என்று விளம்பரத்தில் சேர்ப்பது மட்டும் கண்டிக்கத் தக்கது. அந்தக் கூடுதல், கருவியின் சேமிப்பிடத்திலிருந்தே கடன் வாங்கப்படுவது. உண்மையான ரேமின் வேகம் அதற்கு வராது.

சிம்முக்கு அடுத்தபடி தங்கள் கட்டுரை தொடாமல் விட்டது, மென்பொருள் புதுப்பிப்பு எந்த ஆண்டு வரை வரும் என்ற கேள்வி. 2011 அக்டோபரில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய ஆகாஷ் டேப்லெட்டில் 256 எம்பி ரேம் மட்டுமே இருந்தது. அதன் குறையை வாங்கிய அன்றே காண முடிந்தது. இன்றைய கருவிகள் வாங்கும் நாளில் நன்றாகவே ஓடுகின்றன. புதுப்பிப்பு நின்ற பிறகே குறை தெரிகிறது. பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படாமல் கிடக்கும். காலப்போக்கில் செயலிகள் ஒவ்வொன்றாகப் புதிய ஆண்ட்ராய்டு கேட்டு மறுக்கத் தொடங்கும். பொதுவாக இந்தக் கால அளவு அந்த மாதிரி சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறதே தவிர நாம் வாங்கிய நாளிலிருந்து அன்று. எனவே பண்டிகைத் தள்ளுபடியில் மிக மலிவாக விற்கப்படும் ஈராண்டுப் பழைய மாதிரி, தன் ஆயுளில் பெரும்பகுதியைக் கடை அலமாரியிலேயே கழித்துவிட்டதாக இருக்கலாம். மாத்திரை அட்டையில்கூடக் காலாவதித் தேதி இருக்கிறது. பன்னிரண்டாயிரம் ரூபாய்க் கருவியின் பெட்டியில் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒரு மாதிரியின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதளப் புதுப்பிப்பும், ஏழு ஆண்டுகளுக்கு முக்கிய உதிரிப்பாகங்களும் கிடைக்க வேண்டும். இவ்விதி டேப்லெட்டுகளுக்கும் பொருந்தும். அவ்வளவு தூரம் உடனே போகாவிட்டாலும் ஒன்றைச் செய்யலாம். நம் நாட்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011, அதிகபட்சச் சில்லறை விலையையும் தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பொட்டலத்தின் மேல் அறிவிக்கச் சொல்கின்றன. சிம் வசதி உண்டா என்பதையும், பாதுகாப்புப் புதுப்பிப்பு முடியும் மாதத்தையும் ஆண்டையும் அதே இடத்தில் அச்சிடுமாறு மத்திய நுகர்வோர் நலத்துறை கட்டாயமாக்கினால், நிறுவனங்களுக்கு ஆகும் செலவு இரண்டு வரி மையே.

அதுவரை, தங்கள் நாளிதழ் டேப்லெட்டுகளை ஒப்பிடும்போது இவ்விரண்டையும் விலைக்குப் பக்கத்திலேயே அட்டவணையில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தீபாவளித் தள்ளுபடி விளம்பரங்கள் தொடங்கும் முன்பே அத்தகைய அட்டவணை ஒன்று வெளிவந்தால், சேலத்துக்கு இறங்கி வந்து கருவி வாங்கும் மலைக் குடும்பங்களுக்குப் பெரிதும் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.