டார்வினிலிருந்து சேகருக்கு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. ஜூலையில் அவரையும் கூட்டிக்கொண்டு நீயும் மாலதியும் இங்கே வருவது அதைவிட மகிழ்ச்சி. ஆஸ்திரேலியாவின் வடக்கில், இங்கே டார்வினில், மழை ஓய்ந்துவிட்டது. ஆளுயரத்துக்கு வளர்ந்த ஈட்டிப்புல்லைச் சாய்த்துப் போடும் கடைசிக் காற்றும் அடித்து முடிந்தது. இனி செப்டம்பர் வரை வானம் வெளுத்துக் கிடக்கும்.

நீ அனுப்பிய பயணத் திட்டத்தில் ஒன்றை உடனே மாற்று. பத்து நாளில் மேற்குக் கரையிலுள்ள புரூம் ஊர் வரை போய்த் திரும்புவது வேண்டாம். ஒரு வழிக்கே 1,800 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையல் வசதி உள்ள வண்டி) மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் போகாதே. ஜூலையில் ஏழு மணிக்குப் பிறகுதான் விடியும், மாலை ஆறரைக்குச் சூரியன் மறையும். வாலபி (சிறு கங்காரு), எருமை, வேலியில்லாத பண்ணை மாடுகள் எல்லாம் சாலைக்கு வருவது விடியலிலும் அந்தியிலும்தான். அதனால் எட்டிலிருந்து ஐந்து மணி வரைதான் உன் ஓட்டும் நேரம். டார்வின், காக்கடு தேசியப் பூங்கா, பைன் கிரீக், கேதரின், லிட்ச்ஃபீல்டு தேசியப் பூங்கா, மறுபடி டார்வின் என்று ஒரு சுற்று போட்டால் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரில் முடியும். முழுக்கத் தார்ச்சாலை. பத்து நாளுக்கு அதுவே நிறைவு.

ஃபோர் வீல் டிரைவ் எடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். இந்தச் சுற்றுக்குத் தேவையில்லை. காக்கடுவில் ஜிம் ஜிம் அருவியும் இரட்டை அருவியும்தான் கைவிட்டுப் போகும். நெடுஞ்சாலையிலிருந்து அறுபது கிலோமீட்டர் மண்சாலை, கடைசிப் பத்து கிலோமீட்டர் மணலும் கல்லும். அம்மாவோடு அந்தக் குலுக்கல் வேண்டாம். ஜூலையில் ஜிம் ஜிம்மில் தண்ணீரும் மெலிந்துவிடும்.

வாடகை ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை வரி வரியாகப் படி. பெரும்பாலான ஒப்பந்தங்கள் மண்சாலையை அனுமதிப்பதில்லை. முகாம் திடலுக்குப் போகும் குறுகிய, பராமரிப்புள்ள வழிக்கு மட்டும் விலக்கு இருக்கும். ஊருக்கு வெளியே இரவில் ஓட்டத் தடை உண்டா என்று பார். கூரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் ஆகும் சேதம் காப்பீட்டில் சேருமா என்று எழுத்தில் கேள். மூன்று மீட்டருக்கு மேல் உயரமான வண்டியில் பெட்ரோல் பங்க் கூரையும் மரக்கிளையும்தான் அதிகம் செலவு வைக்கும். விபத்து நடந்தால் உன் கையிலிருந்து எவ்வளவு போகும் என்பது கடைசிக் கேள்வி.

வாடகை வண்டியை எடுக்கும்போதே ஃப்ரிட்ஜ் எந்த வகை என்று கேள். மூன்று வழி ஃப்ரிட்ஜ் என்றால் ஓடும்போது 12 வோல்ட், நிற்கும்போது கேஸ், மின் இணைப்பு உள்ள இடத்தில் 240 வோல்ட். வண்டி சாய்ந்து நின்றால் கேஸில் அது குளிர்விக்காது. அதனால் நிறுத்தும் இடம் சமதளமாக இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் இரண்டு நாள் நகராமல் கிடந்தால் வண்டிக்குள் விளக்கு, பம்புக்கு இருக்கும் பேட்டரியைக் காலி செய்துவிடும். ஏசியும் மைக்ரோவேவும் பேட்டரியில் ஓடாது. மின் இணைப்புள்ள திடலில் ஒரு இரவு, இல்லாததில் ஒரு இரவு என்று மாற்றி மாற்றித் தங்கு. ஜூலை இரவுக்கு ஏசி தேவைப்படாது, கொசுவலையும் காற்றாடியும் போதும். எங்கள் வீட்டு வாசலில் வண்டியைப் போடும்போது ஒன்று கவனி: அதன் 15 ஆம்ப் ஒயரின் எர்த் முனை அகலமானது, வீட்டு 10 ஆம்ப் பாயிண்டில் நுழையாது. முனையைச் சீவுவது ஆபத்து. பிரேக்கர் வைத்த அடாப்டர் வாங்கி வைக்கிறேன்.

கிளம்புமுன் தினமும்: கேஸ் சிலிண்டர் வால்வை மூடு, தண்ணீர் பம்பை அணை (ஒரு குழாய் லேசாகத் திறந்திருந்தாலும் தொட்டி முழுக்க வழியில் போய்விடும்), மேல் ஜன்னலை மூடு, படியை உள்ளே இழு, ஒயரைக் கழற்று. கழிப்பறைப் பெட்டி மூன்று பேருக்கு இரண்டு மூன்று நாள் தாங்கும். டம்ப் பாயிண்ட் என்ற கழிவு கொட்டும் இடத்தில் மட்டும் கொட்டு. கழற்றுமுன் தகட்டை இழுத்து மூடியாயிற்றா என்று பார், இல்லையென்றால் எல்லாம் காலில்தான். குடிதண்ணீரை வண்டித் தொட்டியை நம்பாமல் தனிக் கேன்களில், ஆளுக்குப் பத்து லிட்டர் வை. காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. சூடான புகைக்குழாய் பட்டால் ஈட்டிப்புல் பற்றிக்கொள்ளும்.

ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 130 வரை அனுமதி உண்டு, அதைப் பார்த்து மயங்காதே. மூன்று பெட்டி இழுக்கும் ரோட் ட்ரெயின் லாரி ஐம்பது மீட்டருக்கு மேல் நீளம். அதை முந்த ஒரு கிலோமீட்டருக்கு மேல் காலியான சாலை தெரிய வேண்டும். தெரியவில்லையா, பின்னாலேயே போ. எதிரே வந்தால் இடப்பக்கம் ஒதுங்கி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடி. அது தள்ளும் காற்றில் நம் உயரமான பெட்டி ஆடும்.

காக்கடு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். 1981இல் உலக மரபுச் சின்னமானது. நுழைவுச் சீட்டை முன்னதாகவே வாங்கிவிடு. பூங்காவுக்குள் இருக்கும் ஜபிரு ஊர் டார்வினிலிருந்து 250 கிலோமீட்டர், அங்கே டீசல் நிரப்பு. பழங்குடியினரின் பாறை ஓவியங்கள் உள்ள ஊபிர் அங்கிருந்து 40 கிலோமீட்டர். எல்லோரும் அஸ்தமனம் பார்க்கத்தான் போவார்கள், ஆனால் ஜபிருவுக்குத் திரும்ப இருட்டில் ஓட்ட வேண்டும். அதனால் ஊபிர் அருகிலுள்ள மெர்ல் திடலில் தங்கு. மின் இணைப்பு கிடையாது, கொசு மிக அதிகம், அந்தியில் முழுக்கை போடு. ஓவியப் பாறைகளைச் சுற்றும் ஒரு கிலோமீட்டர் வழியில் அம்மா மெதுவாக நடக்கலாம். காட்சி முனைக்கு ஏறும் கடைசி 250 மீட்டர் செங்குத்து, அவர் கீழேயே இருக்கட்டும். முதன்மைப் பாறையின் உயரத்தில் தைலசின் என்ற கோடுபோட்ட விலங்கின் ஓவியம் இருக்கிறது. இந்த நிலப்பரப்பில் அது அற்றுப்போய் 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதை உயிரோடு பார்த்த கை வரைந்தது. பயணம் முழுக்க வேறு எதைத் தவறவிட்டாலும் அந்தப் பாறை முன்னால் நின்றுவிட்டு வா. எதையும் தொடாதே, விரல் எண்ணெய் படக் கூடாது.

பிறகு புருங்குய் பாறை ஓவியங்கள், அடுத்த நாள் கூயிண்டாவில் ‘மஞ்சள் நீர்’ என்ற நீர்நிலையில் படகுச் சவாரி. விடியற்காலைப் படகையே எடு, இடம் முன்பே பிடித்து வை, முந்தைய இரவு கூயிண்டாவிலேயே தங்கு. முதலை பற்றி அம்மா பயந்து எழுதியிருந்தார். பயம் நியாயமே. 1971இல் வேட்டை தடை செய்யப்பட்டபோது இங்கே சில ஆயிரம்தான் மிஞ்சியிருந்தன, இப்போது ஒரு லட்சத்தை ஒட்டி மதிப்பிடுகிறார்கள். காக்கடுவில் நீச்சலே வேண்டாம். கரையிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி நில், ஆற்றங்கரையில் பாத்திரம் கழுவாதே, ஒரே இடத்துக்குத் தினமும் தண்ணீர் மொள்ளப் போகாதே. முதலை பார்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஊபிர் அருகே சாலை ஆற்றைக் கடக்கும் கேஹில்ஸ் கிராசிங்கை மேடையில் நின்று பார்த்தால் போதும், வண்டியை அந்தத் தண்ணீரில் இறக்காதே.

குளிக்க வேறு இடங்கள் உண்டு. கேதரினுக்கு வடக்கே ஈடித் அருவி, லிட்ச்ஃபீல்டில் ‘வாங்கி’ அருவியும் ‘பூலி’ பாறைக் குளமும். மழைக்குப் பிறகு முதலை இருக்கிறதா என்று பார்த்த பின்பே திறப்பார்கள், அன்றைய பலகையைப் படித்துவிட்டு இறங்கு. ‘வாங்கி’யில் தண்ணீர் வரை சமதளப் பாதை, அம்மாவுக்கு ஏற்றது. அங்கேயே உள்ள ஃப்ளாரன்ஸ் அருவிக்கு நூற்றுக்கு மேல் படி. பூலியில் பெரிய வண்டிக்கு இடம் குறைவு, ஒன்பது மணிக்குள் போய்விடு. கேதரின் அருகிலுள்ள நிட்மிலுக் பள்ளத்தாக்குக்கு ஒரு முழுநாள் ஒதுக்கு.

ஒப்பந்தத்தின் நகல் கைக்கு வந்ததும், பணம் கட்டுவதற்கு முன் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு. மெர்ல் இரவையும் படகையும் எந்தத் தேதியில் வைப்பது என்று சேர்ந்து முடிவு செய்யலாம். அம்மாவுக்கு என் வணக்கம், மாலதிக்கு அன்பு.

உன்,
பாலா