எட்டு வயதுக்கு மேல்

வேலூர்,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். நீ கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப் போயிற்று. குக்கர் விசில் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணை அவள் புருஷன் அடிக்கிறான், சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிறது, மருமகளுக்கு ராத்திரி தூக்கமே இல்லை, நாம் தலையிடலாமா என்று கேட்டாய். அப்புறம் இதையும் சொன்னாய்: "அவளுக்குப் பத்து வயசுல பையன் இருக்கான்மா. பெண்கள் ஹோமுக்குப் போனா பையனைச் சேர்த்துக்க மாட்டாங்கன்னு யாரோ சொல்லிட்டாங்களாம். அதனால எங்கேயும் போக மாட்டேங்கறா." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நீ பேசவில்லை. நானும் பேசவில்லை.

முதலில் அவள் விஷயம். நம் கதை அப்புறம்.

தலையிடலாம். குடும்ப வன்முறைச் சட்டம் 2005-இல் போட்டது, 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அடிபடுகிறவளே வந்து சொன்னால்தான் ஆயிற்று என்று அதில் இல்லை. இப்படி நடக்கிறது என்று தெரிந்த யாரும், இந்தச் சட்டத்துக்கென்று அரசு வைத்திருக்கும் பாதுகாப்பு அலுவலருக்குச் சொல்லலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மேல் எந்தப் பொறுப்பும் வராது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காதே, அவசர எண் 112-க்கு அடி. மற்ற நேரத்தில் அவளைக் கேட்காமல் எதுவும் செய்யாதே. முக்கியமாக, நீ போய் அவனிடம் "ஏன்டா அடிக்கிறே" என்று நிற்காதே. நீ கேட்டதற்கு அன்று ராத்திரி வாங்குகிறவள் அவள்தான். உன் மாமா ஒரு தரம், நாம் அப்போது இருந்த குடியாத்தத்துக்கு வந்து உன் நைனாவின் சட்டையைப் பிடித்தான். மாமா ஊருக்கு பஸ் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, என் இடது மணிக்கட்டு போயிற்று. மழைக்காலத்தில் நான் சப்பாத்தி தேய்க்காமல் தோசை வார்ப்பது அதனால்தான். சோம்பேறித்தனம் என்று நீ கிண்டல் செய்வாய்.

அந்த மணிக்கட்டில் நான் ஒரு தப்பும் செய்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்றேன். காயத்தைப் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதுகிற ஏ.ஆர். காப்பியில் அப்படியே ஏறிவிட்டது. பின்னால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதை எடுத்துப் படித்தார். நானே சொன்ன பொய், நானே கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். அவள் ஆஸ்பத்திரிக்குப் போனால் யார் அடித்தது என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல். வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நீ பேச வேண்டாம், மருமகள் பேசட்டும். மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது போதும். வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்ப வேண்டாம், இந்த மாதிரி ஆட்கள் முதலில் பார்ப்பது பெண்டாட்டியின் போனைத்தான். உங்கள் போனிலிருந்து பெண்கள் உதவி எண் 181-க்கு அவளே பேசட்டும். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்டத்துக்கு மாவட்டம் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. அங்கே ஐந்து நாள் வரை தங்கலாம், டாக்டர், போலீஸ், வக்கீல் என்று எதற்கும் அங்கிருந்தே வழி செய்வார்கள். அவள் அம்மா வீடு ஆம்பூர் என்றாய். நம் காலத்தில் எல்லாம் ஒரே வேலூர் மாவட்டம், 2019-இல் மூன்றாகப் பிரித்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூரோடு போயிற்று. அது போகட்டும். அவள் ஆம்பூர் போய்த் தங்கினால் வழக்கை அங்கேயே போடலாம், நீங்கள் இருக்கும் ஓசூருக்கு அலைய வேண்டியதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம் என்றுதான் சட்டம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். எனக்கும் சத்துவாச்சாரியில் அப்படித்தான் வக்கீல் கிடைத்தார்.

இன்னொன்று. அவள்தான் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று நாம் எல்லாரும் ஏன் நினைக்கிறோம்? வீடு அவன் பேரிலேயே இருக்கட்டும், அவளை வெளியே தள்ள முடியாது. அவனை வெளியே போகச் சொல்லவே மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் இருக்கிறது. அவளை அடிக்கக்கூடாது என்று கோர்ட் பாதுகாப்பு உத்தரவு போட்ட பிறகும் அவன் மீறினால் ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். மனு போட்டு மூன்று நாளில் முதல் விசாரணை, அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு ஒன்றரை வருடம் ஆயிற்று. அதை அவளிடம் இப்போது சொல்லி வைக்காதே.

சரி, நம் கதைக்கு வருகிறேன்.

2007 மே மாதம், வைகாசி முதல் நாள், குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. உனக்கு ஒன்பது வயசு. கூட்டமும் பலூனும் உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த அம்மன் கதையை உன் கொள்ளுப்பாட்டி வருஷா வருஷம் எனக்குச் சொல்லுவாள். ரேணுகா மேல் ஜமதக்கினி சந்தேகப்பட்டு, பெற்ற பிள்ளையைக் கூப்பிட்டே அவள் தலையை வெட்டச் சொல்கிறார். பரசுராமன் வெட்டுகிறான். அப்புறம் என்ன வரம் வேண்டும் என்று கேட்டால், அம்மா உயிரோடு வர வேண்டும் என்கிறான். அந்தத் தலையைத்தான் தரணம்பேட்டையிலிருந்து ஊரே தூக்கிக்கொண்டு வருகிறது, வழியெல்லாம் தேங்காய் உடைக்கிறது. "பொம்பளைய வெட்டினப்புறம் கும்புடறதுல நம்மூருக்காரங்களை அடிச்சுக்க ஆளில்லடி" என்பாள் பாட்டி. சாமி குத்தம் என்று அம்மா அவள் வாயைப் பொத்துவாள்.

அன்று காலையிலிருந்தே உன் நைனா குடித்திருந்தார். நான் பீடி சுற்றிச் சேர்த்திருந்த பணம், கூலி வாங்கும் அட்டை, எல்லாம் அவரிடம்தான் இருக்கும். சுற்றுவது நான், கூலி வாங்குவது அவர். பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வதும் வன்முறைதான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது என்று பின்னால் வக்கீலம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அதையெல்லாமா எழுதி வைத்திருக்கிறார்கள் என்று.

அதற்கு ஆறு மாதம் முன்பு ஒரு காவல் நிலையத்துக்கும் போயிருந்தேன். எந்த ஊர் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். புகாரைப் பதிந்து கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீது போடாமல் இரண்டு பேரையும் உட்கார வைத்து, இனிமேல் ஒழுங்காகக் குடும்பம் நடத்துவோம் என்று எழுதி வாங்கி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காகிதத்தை அவர் அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். அடிக்கிறபோதெல்லாம் எடுத்துக் காட்டுவார். என் அப்பாவும் "அனுசரிச்சுப் போம்மா" என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கு வேறு வார்த்தை தெரியாது.

பக்கத்து வீட்டு பாயம்மாவுக்குத்தான் தெரிந்திருந்தது. அவள் எனக்கு ஒரு புத்தியும் சொன்னதில்லை. ஒரு நாள் சுவருக்கு மேலே கையை நீட்டி, "உனக்கு ஏதாச்சும் பத்திரமா வைக்கணும்னா என்கிட்ட குடு" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் ஒரு மஞ்சள் பையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். உன் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், என் தாலியில் கோத்திருந்த இரண்டு குண்டு, முந்நூற்று நாற்பது ரூபாய். எல்லாம் அவள் வீட்டு அரிசி டிரம்முக்குள் இருந்தது. மருமகளும் இந்த மாதிரி ஒரு பைக்கு இடம் கொடுத்தால் போதும். பையில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டாம்.

ராத்திரி வாணவேடிக்கை ஆரம்பித்தபோது கிளம்பினேன். வெடிச்சத்தத்தில் கதவுச் சத்தம் கேட்காது. நீ வேடிக்கை பார்க்கத்தான் போகிறோம் என்று நினைத்து ஓடி வந்தாய். திருவிழா பஸ், ஒரே நெரிசல், யாரும் யாரையும் பார்க்கவில்லை. கே.வி.குப்பம் தாண்டும்போதுதான் "நைனா வரலியா" என்று கேட்டாய்.

வேலூரில் எங்கே போவது? ஆஸ்பத்திரி ரோட்டுக்குப் போனேன். அந்தத் தெருவில் மட்டும் பையும் பிள்ளையுமாக ராத்திரியில் உட்கார்ந்திருக்கிற பெண்ணை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வைத்தியத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் திண்ணை திண்ணையாகப் படுத்திருப்பார்கள், நாமும் அதில் இரண்டு பேர். வங்காளத்துக் குடும்பம் ஒன்று பாயில் இடம் விட்டு உனக்குப் பொரி கொடுத்தது. அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. அந்த ராத்திரிக்கு அது நல்லதாகத்தான் இருந்தது. விடிந்ததும் என் முகத்தைப் பார்த்து ஒரு நர்ஸ் நின்றாள். அவள் சொல்லித்தான் சமூகப் பணியாளர் ஒருவர் வந்தார், அவர் நம்மை, அடிபட்டு வரும் பெண்களை வைத்துக்கொள்ளும் இல்லத்துக்கு அழைத்துப் போனார்.

பதினெட்டு நாள் நீ என்னோடு அங்கே இருந்தாய். அதுவே அவர்கள் கண்டும் காணாமலும் விட்டதுதான். எட்டு வயதுக்கு மேல் ஆண் பிள்ளையைத் தாயோடு வைத்துக்கொள்ளக்கூடாது என்பது அங்கே விதி. பெண் பிள்ளைகள் பெரியவர்களானாலும் இருக்கலாம். நீ ஒன்பது. இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது நான் திரும்பக் குடியாத்தத்துக்கே போய்விடுகிறேன் என்றேன். மூட்டையும் கட்டினேன். அன்று மாலை நீ விளையாட்டில் தாழ்வாரத்தில் ஒரு சின்னப் பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுத்து ஒரு வார்த்தை சொன்னாய். அது உன் நைனாவின் வார்த்தை. அதே குரல். மூட்டையைப் பிரித்துவிட்டேன்.

இதை நான் உன்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை. உன் மேல் தப்பு என்று நினைத்து எழுதவில்லை, ஒன்பது வயதுப் பிள்ளை கேட்டதைத்தானே சொல்லும். அப்புறம் உன்னைப் பிள்ளைகள் விடுதியில் விட்டது விதிக்காக மட்டும் இல்லை. அந்த வீட்டுக்கு உன்னைத் திரும்ப அழைத்துப் போகக்கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

அப்புறம் விடுதி வாசல். என்னை எப்போது வருவாய் என்று நீ கேட்டாய். மாதத்தில் இரண்டாவது ஞாயிறுதான் பார்க்க விடுவார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் "இந்த ஞாயித்துக்கிழமை வந்துடறேன்" என்றேன். உன் கையை என் புடவையிலிருந்து எடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. அந்த ஞாயிறு காலை எட்டு மணியிலிருந்து இருட்டும்வரை நீ கேட் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய் என்று வார்டன் பின்னால் சொன்னார். சாப்பிடக்கூட வரவில்லையாம். கொசப்பேட்டையில் ஒரே ரூம் வாடகைக்கு எடுத்து உன்னைக் கூட்டிவர இரண்டு வருடம் ஆயிற்று. வந்த பிறகும் நான் எங்கேயாவது கிளம்பினால் "எப்ப வருவே" என்று நீ கேட்டதே இல்லை. கேட்டிருக்கலாம்.

இப்போது விதி மாறியிருக்கிறது. அப்போது சுவாதார் என்ற பெயரில் நடந்த இல்லங்கள் இப்போது சக்தி சதன். ஆண் பிள்ளைகள் பன்னிரண்டு வயது வரை தாயோடு இருக்கலாம். அந்தப் பையனுக்குப் பத்து. அவளிடம் இதை முதலில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அவளுக்கு யாரோ சொன்னது பழைய கணக்கு.

நான் இல்லத்துச் சமையற்கட்டுக்கு வேலைக்கு வந்து பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. புதிதாக வருகிறவர்களை நான் எதுவும் கேட்பதில்லை. முதல் வாரம் எல்லாரும் வேகமாகச் சாப்பிடுவார்கள், வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் தட்டோடு எழுந்து நிற்பார்கள். சிலர் திரும்பிப் போய்விடுவார்கள். மூன்று தரம் போய் நாலாவது தரம் வந்து தங்கினவளும் உண்டு. பக்கத்து வீட்டுப் பெண்ணும் ஒரு தரம் கிளம்பி, நாலு நாளில் திரும்பி வந்து அவனுக்கே சோறு போடலாம். அப்போது மருமகள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். பையைத் திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளட்டும். அவள் கிளம்புகிற நாளில் ரொம்ப ஜாக்கிரதை, அவர்களுக்கு வெறி ஏறுவது அப்போதுதான். எங்கே போகிறாள் என்று அந்தக் காம்பவுண்டில் யாருக்கும் தெரியக்கூடாது. வாட்ச்மேனுக்கும் தெரியக்கூடாது.

அதற்குள் பையன் உங்கள் வீட்டில் வந்து ஹோம்ஒர்க் செய்யட்டும். டி.வி.யைப் போட்டுக் கொடு. அடிச்சத்தம் கேட்கும்போது என்ன நடக்கிறது என்று அவனிடம் விசாரிக்காதே, அவனுக்குத் தெரியும். கிளம்புகிற நாள் வந்தால், எங்கே போகிறோம், யார் கூட இருப்பார்கள் என்று நிஜத்தைச் சொல்லச் சொல். பொய்யாக ஒரு நாள் மட்டும் யாரும் அவனிடம் சொல்லிவிடாமல் நீ பார்த்துக்கொள். இதை நான் உன்னிடம்தான் கேட்க முடியும்.

நானே வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். கிருஷ்ணகிரி வழி பஸ்ஸில் மத்தியானத்துக்குள் ஓசூர் வந்துவிடுவேன். இலவம்பாடிக் கத்தரிக்காய் கொண்டு வருகிறேன், மருமகளிடம் வேறு காய் வாங்க வேண்டாம் என்று சொல். அந்தப் பெண்ணோடு நான் மாடியில் ஒரு அரை மணி நேரம் இருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை. வெள்ளி என்றால் வெள்ளிதான்.

உன்
அம்மா