ஜெட்டைத் தொடாதே, முதலில் சீலைப் பார்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். தவளக்குப்பத்துக்கு மூன்று தடவை போய் வந்ததில் உட்கார்ந்து பதில் எழுத நேரமே வாய்க்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார், காலையில் பேப்பரைத் தானே படிக்கிறார். உன் பெண்ணுக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு.

சரி, வண்டிக்கு வருகிறேன். 1979 சுசுகி ஆர்.எம். 125, அந்த மண் ரேஸ் வண்டி, கோயம்புத்தூரிலேயே உனக்குக் கிடைத்திருக்கிறது என்று படித்ததும் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, "ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ரேஸ் இறங்க மாட்டேங்குது, எந்த ஜெட் போடலாம்?" என்று, அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற அந்தக் குட்டி ஜெட்டைத் தொடாதே. நான் சொல்கிறவரை வண்டியை ஸ்டார்ட்கூடப் பண்ணாதே.

என் யமஹா ஒய்.இசட். 125-க்கு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் பெருகி வந்ததே, அப்போது கொட்டகையில் முழங்கால் அளவு தண்ணீர். வண்டி இரண்டு நாள் அதில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் இன்ஜினின் அடிவயிற்றில், கிராங்க் கேஸில், மண்ணெண்ணெய் ஊற்றி அலசினேன், கியர் ஆயிலை மாற்றினேன், காயவைத்தேன். நாலாவது கிக்கில் எடுத்துக்கொண்டது. அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிவிட்டேன்.

அப்புறம்தான் உன் வண்டியில் வருகிற அதே அடையாளம் வந்தது. ஐடிலிங் ஸ்க்ரூவைத் திருகினேன். பெரிய மெயின் ஜெட் போட்டேன். கார்புரேட்டர் நீடிலை ஒரு காடி ஏற்றினேன். பிளக் மட்டும் ஒவ்வொரு தடவையும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து வந்தது. பால் கலந்த காபி நிறத்தில் இருக்க வேண்டியது.

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. செம்மண் பாதையில் நாலாவது கியர். சத்தம் திடீரென்று மெலிந்து கூர்மையானது. பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி வண்டி தளர்ந்தது. கிளட்ச்சைப் பிடிப்பதற்குள் பின் சக்கரம் ஒரு முழம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால், பிஸ்டனில் சைலன்சர் பக்கம் நாலு கோடு, நகத்தால் கீறியது போல. லேத் பட்டறையில் சிலிண்டரைக் குடைந்து, ரீபோர் செய்து, அடுத்த சைஸ் பிஸ்டன் போட்டேன். ஆனால் காரணம் தெரியாமல் புது பிஸ்டனை ஓட்ட மனம் வரவில்லை.

அம்மாவின் பழைய பி.பி. கருவி அலமாரியில் கிடந்தது. சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் சைக்கிள் டியூப் ரப்பர் வெட்டி அடைத்தேன். பிளக் ஓட்டையில் ஒரு வால்வைப் பொருத்தி, அந்தக் கருவியின் பல்பால் காற்று ஏற்றினேன். முள் 300-க்கு வந்தால் கிட்டத்தட்ட 6 பி.எஸ்.ஐ., அதற்கு மேல் போகாதே, கிராங்க் ஷாப்டைச் சுற்றிக் காற்று புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதே, சீல், அதுவே பிதுங்கி வந்துவிடும். ஆறு நிமிஷம் முள் அசையாமல் நிற்க வேண்டும். எனக்கு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை. பிளக்குக்குக் கரண்ட் தரும் மேக்னெட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவிவிட்டு டார்ச் அடித்தேன். கிராங்க் ஷாப்டைச் சுற்றி, சீலின் உதட்டோரம், குட்டிக் குட்டிக் குமிழாக நுரைத்து வந்தது. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன் தெரியுமா!

வெள்ளத்தில் ஷாப்டில் துரு பிடித்திருக்கிறது. அந்தச் சொரசொரப்பு சீலின் உதட்டைத் தேய்த்துத் தின்றுவிட்டது. டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் கலவை முதலில் கிராங்க் கேஸுக்குள் வந்துதான் மேலே போகிறது. அங்கே கள்ளக்காற்று புகுந்தால் கலவை மெலிகிறது, இன்ஜின் கொதிக்கிறது. எண்ணெயும் பெட்ரோலோடுதான் வருகிறது என்பதால் அதுவும் சேர்ந்து குறைகிறது. ஓட்டையைக் கார்புரேட்டரில் தேடி மூன்று மாதத்தை வீணாக்கிவிட்டேன். உன் வண்டியின் சீல், எனக்குத் தெரிந்து, மாற்றப்படாத சீல். ரப்பர் கல்லாகியிருக்கும். இரண்டு பக்கத்தையும் மாற்று. கிளட்ச் பக்கம் போயிருந்தால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை தள்ளும், கியர் ஆயிலும் குறையும்.

இன்னொன்று. நாம் ஆர்.எக்ஸ். 100-ல் வளர்ந்தவர்கள். அதில் ஆயில் பம்ப் இருந்தது, பெட்ரோலை மட்டும் போட்டுக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் பறந்தோம். இந்த வண்டிகளில் பம்ப் கிடையாது. நான் 5 லிட்டருக்கு 200 மில்லி 2டி ஆயில், அதாவது டூ-ஸ்ட்ரோக் ஆயில், கலக்கிறேன். மேட்டிலிருந்து நீளமாக இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடியே வைத்திருந்தால் பிஸ்டனுக்கு எண்ணெய் வராது. கிளட்ச்சைப் பிடித்துக்கொள், இல்லையென்றால் நடுநடுவே லேசாக முறுக்கிக் கொடு.

இப்போது வரும் எத்தனால் பெட்ரோலை டேங்கில் ஊறப்போடாதே. ஈரத்தை இழுத்துக்கொண்டு அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், அதில் எண்ணெய் இருக்காது. டேங்கின் அடியில் உள்ள காக் (பெட்ரோல் குழாய்) முதலில் எடுப்பதும் அதைத்தான். ஓட்டி முடித்ததும் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் காலி பண்ணிவிடு. ஏர் பில்டர் ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புப் போட்டு, நன்றாகக் காயவைத்து, எண்ணெய் தடவிப் பிழிந்து போடு. செம்மண் தூள் மாவு மாதிரி, எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்ச் அதை நிறுத்தாது.

என் வண்டி இப்போது ஆக்சிலேட்டரை விட்டதும் சட்டென்று இறங்கி, அப்படியே படபடவென்று ஐடிலிங்கில் நிற்கிறது. அந்தச் சத்தத்தை நீ கேட்க வேண்டும். பொங்கலுக்கு நாலு நாள் லீவு போட்டு வா, முந்திரித் தோப்புக்குப் போகலாம். அதற்குள் ஒரு பி.பி. கருவி பிடித்து, முள் எவ்வளவு நேரம் நின்றது என்று எழுது. அந்தப் பதில் வரும்வரை எனக்கு உன் பிஸ்டன் நினைப்புதான்.

அன்புடன்,
உன் பழைய ஆர்.எக்ஸ். கூட்டாளி